220 மலேசிய மக்களவை உறுப்பினர்களுக்கு: அவசரகாலச் சட்டங்களை ஒவ்வொன்றாக வாக்கெடுப்புக்கு விடுங்கள்

கிள்ளான், 14 ஜூலை 2021

மாண்புமிகு மக்களவை உறுப்பினர்களே,

ஜூலை 26-ஆம் தேதி நீங்கள் கூடுகிறீர்கள். இதற்கு முன் மக்களவை கூடியது கடந்த ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி. கோவிட் தொற்றைக் காரணம் காட்டி ஜனவரி 11 முதல் ஆகஸ்ட் 1 வரை நாடு முழுக்க அவசரகாலம். சட்டம் போட்டார்கள், அபராதம் கூட்டினார்கள், பணம் எடுத்தார்கள். எதற்கும் உங்கள் கை உயரவில்லை, உயர்த்தவும் விடவில்லை. இப்போது ஐந்து நாள் கிடைத்திருக்கிறது. ஜூலை 5-ஆம் தேதி வந்த பிரதமர் துறையின் அறிவிப்பு, தேசிய மீட்புத் திட்டத்தை உங்களுக்கு விளக்கவும் அவசரகாலச் சட்டங்களை அவையில் தாக்கல் செய்யவும் இந்தக் கூட்டம் என்கிறது. விளக்குவார்கள், தாக்கல் செய்வார்கள், சரி. நீங்கள் விவாதிப்பீர்களா? வாக்களிப்பீர்களா? அதைப் பற்றி அதில் நான் எதுவும் காணவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கடந்த ஆண்டு மே 18-ஆம் தேதியும் நாடாளுமன்றம் ஒரே ஒரு நாள் கூடியது. மாமன்னர் உரையாற்றினார், நீங்கள் கேட்டீர்கள், கலைந்தீர்கள். விவாதம் கிடையாது. இம்முறையும் அப்படி நடந்துவிடக் கூடாது.

நான் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூமாலை கட்டி விற்பவள். நோய்க்கட்டுப்பாட்டுக்கு எதிராக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மே மாதம் என் நாத்தனாரை இந்த நோய்க்குக் கொடுத்தோம். மூன்று தலைமுறையாக மாலை கட்டும் குடும்பம் எங்களுடையது. அவருக்கு ஒரு மாலை போட முடியவில்லை. உறை போட்டு மூடிய உடலைத் தூரத்தில் நின்று பார்த்தோம். அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. தொற்று பரவாமல் இருக்க அப்படித்தான் செய்தாக வேண்டும். முகக்கவசம் போடுகிறேன், போகும் இடத்தைப் பதியும் மைசெஜாத்தரா செயலியில் பதிகிறேன், தடுப்பூசிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கடையை மூடச் சொன்னபோதெல்லாம் மூடினேன்.

ஆனால் கடையை மூடச் சொல்ல அவசரகாலம் தேவைப்படவில்லையே. கடந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி முதல் பி.கே.பி., அதாவது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, வந்தது. அன்று அவசரகாலம் இல்லை. 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், நாம் எல்லோரும் சட்டம் 342 என்கிறோமே, அது ஒன்றை வைத்துத்தான் நாட்டை வீட்டுக்குள் உட்கார வைத்தார்கள். மக்களும் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி நாடு முழுவதும் புதிதாக வந்த தொற்று ஒன்றே ஒன்று. இந்த ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி, அவசரகாலத்தை அறிவித்த அன்று, 3,309. நேற்று 11,079. டெல்டா வகை வந்திருக்கிறது, அது வேகமாகப் பரவுகிறது என்பது எனக்கும் தெரியும். தொற்று ஏறியதற்கு அவசரகாலமே காரணம் என்று நான் சொல்லவில்லை. அது ஏற்றத்தைத் தடுக்கவில்லை என்கிறேன். தடுக்காத ஒன்றை எதற்கு நீட்டிக்க வேண்டும்?

தேர்தலைத் தள்ளிவைக்க அது தேவைப்பட்டது என்பார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடந்த செப்டம்பரில் சபா மாநிலத்தில் தேர்தல் நடத்திவிட்டு நாடே அதன் விலையைக் கொடுத்தது. ஆனால் அப்புறம் என்ன செய்தார்கள்? நவம்பரில் பத்து சாப்பி இடைத்தேர்தலை நிறுத்த அந்தத் தொகுதிக்கு மட்டும் அவசரகாலம் அறிவித்தார்கள். டிசம்பரில் கெரிக் மக்களவைத் தொகுதிக்கும் சபாவின் புகாயா சட்டமன்றத் தொகுதிக்கும் அப்படியே. தேர்தல் நின்றது. நாடாளுமன்றம் அதுபாட்டுக்கு நடந்தது, வரவு செலவுத் திட்டமும் நிறைவேறியது. அதாவது, நாடாளுமன்றத்தை மூடாமல் தேர்தலைத் தள்ளிவைக்கும் வழி அரசுக்குத் தெரிந்தே இருந்தது. அக்டோபரில் நாடு தழுவிய அவசரகாலம் கேட்டபோது மாமன்னரும் இப்போது தேவையில்லை என்று சொல்லியிருந்தார். அந்த வரவு செலவுத் திட்டம் டிசம்பர் 15-ஆம் தேதி 111-க்கு 108 என்று மூன்றே வாக்கில் தப்பியது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் நின்றுபோனது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று ஊரில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சை நிறுத்த ஒரே வழி வாக்கெடுப்பு.

222 இடங்கள் உள்ள அவைக்கு எழுதும்போது 220 பேர் என்று எழுத வேண்டியிருக்கிறது. கெரிக்கும் பத்து சாப்பியும் இன்னும் காலியாகவே இருக்கின்றன. இந்தப் பெருந்தொற்றின் மிக மோசமான மாதங்களில் அந்த ஊர் மக்களுக்கு உறுப்பினரே கிடையாது. மற்றவர்களுக்கு உறுப்பினர் உண்டு, அவர் உட்காரும் அவை இல்லை.

ஜூன் மாதம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் 1-ஆம் தேதி முழு முடக்கம் வந்தது. திறக்கலாம் என்று சொன்ன தொழில்களில் பூக்கடை இல்லை. கோயில் மூடியிருக்கிறது, கல்யாணம் இல்லை, பூ யாருக்கு வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் சாவு நிற்கவில்லையே. கோவிட் இல்லாமலும் மனிதர்கள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். முதுமையில் போனவர், சிறுநீரகம் கெட்டுப் போனவர் என்று அந்த வீடுகளிலிருந்து போன் வரும். "அக்கா, ஒரே ஒரு மாலை. மொட்டையாக அனுப்ப மனசு வரவில்லை." முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேமரன் மலையிலிருந்து வந்த செவ்வந்தி கொஞ்சம் வீட்டில் இருந்தது. கடைக் கதவைத் தொடாமல் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து கட்டினேன். வேனில் நான் மட்டும் கொண்டுபோய், வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். வழியில் சாலைத் தடுப்பில் நிறுத்துவார்கள். விஷயத்தைச் சொன்னால் சிலர் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

ஒரு நாள் விடவில்லை. அனுமதிக் கடிதம் எங்கே என்றார்கள். பூக்கடைக்கு அப்படி ஒரு கடிதம் தர இடமே இல்லை, யாரிடம் போய் வாங்குவது? பின் இருக்கையில் ஈரத் துணியில் சுற்றிய மாலையைக் காட்டினேன். இறந்தவரின் வீட்டு விலாசத்தைக் காட்டினேன், அவர் மகனைப் போனில் பேச வைத்தேன். அங்கிருந்த மலாய்க்காரத் தம்பி பெரிய அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டார். திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டே கம்பவுண்ட், அதாவது அபராதத் தாளை எழுதினார். "அக்கா, எனக்கு மேலிடத்து உத்தரவு" என்றார். 1,500 ரிங்கிட். ஏழு நாளில் கட்டினால் பாதி. என் கை ஈரமாக இருந்ததால் அவர் எழுதியதில் பாதி அங்கேயே கலைந்துவிட்டது. தொகை மட்டும் நன்றாகத் தெரிந்தது. நான் போய்ச் சேரும்போது பெட்டியை மூடி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மாலையை அந்த மகன் கையில் கொடுத்தேன், வண்டிக்குப் பின்னாலேயே அதைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

நான் அந்தத் தடுப்பில் நின்ற நேரத்தில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கடிதம் இருந்தது. 60 விழுக்காட்டுத் தொழிலாளர்களை வைத்து ஓட்டலாம் என்று அனுமதி. இந்த வட்டாரத்தில் பெரிய பெரிய தொற்றுக் குவியல்கள் எங்கிருந்து கிளம்பின என்பது சுகாதார அமைச்சின் அறிக்கைகளைப் படித்த எல்லோருக்கும் தெரியும். தொழிற்சாலையும் தொழிலாளர் விடுதியும்தான். அந்தத் தொழிலாளர்களை நான் பழிக்கவில்லை, ஒரே அறையில் அடுக்கிப் படுக்க வைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

கம்பவுண்டுக்கு வருகிறேன். சட்டம் 342-இன்படி கம்பவுண்ட் உச்சத் தொகை 1,000 ரிங்கிட்டாக இருந்தது. மார்ச் 11 முதல் ஓர் அவசரகாலச் சட்டத்தால் அது தனிநபருக்கு 10,000, நிறுவனத்துக்கு 50,000 என்று ஆனது. ஒரே இரவில் பத்து மடங்கு. எந்த அவையில் பேசினீர்கள்? யார் கேள்வி கேட்டது? ஊரே கொதித்த பிறகுதான் குற்றத்துக்கேற்ற தொகை என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். அப்படியும் ஏப்ரலில் கிளந்தானில் நேரம் கடந்து கடை வைத்திருந்த ஒரு பர்கர் வியாபாரிக்கு 50,000 ரிங்கிட் எழுதினார்கள். பர்கர் விற்கிற மனிதர் அதை எத்தனை ஆண்டில் சம்பாதிப்பார்? இது அவைக்கு வந்திருந்தால், ஒரு சிறுகடையை நிறுவனம் என்று கொள்வதா என்று உங்களில் ஒருவராவது எழுந்து கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்வி கேட்கப்படாததால்தான் அந்தத் தாள் எழுதப்பட்டது.

மேல்மட்டத்துக்கு மட்டும் வேறு கணக்கு. கடந்த ஆண்டு துருக்கி போய்வந்து தனிமைப்படுத்திக்கொள்ளாத ஓர் அமைச்சருக்கு 1,000 ரிங்கிட். இந்த ஆண்டு பிப்ரவரியில், வெளிநாடு போய்வரும் அமைச்சர்களுக்கு மூன்று நாள் கண்காணிப்பு போதும் என்று ஆணை போட்டார்கள். மற்றவர்களுக்குப் பத்து நாள். நோய் ஆளைப் பார்த்தா வருகிறது? அடுத்த முறை மக்கள் விதியை மீறினால் அவர்களைத் திட்டுவதற்கு முன் இதையும் நினைத்துப் பாருங்கள்.

மற்றச் சட்டங்களிலும் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். என் மகள் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். நிலம், கட்டடம், வண்டி எதையும் அரசு எடுத்துக்கொள்ளலாம், கொடுக்கும் இழப்பீடே இறுதி, எதிர்த்துக் கேட்க முடியாது. இராணுவத்துக்குப் போலீஸ் அதிகாரம். நல்லெண்ணத்தில் செய்தோம் என்றால் அதிகாரிகள் மேல் வழக்குப் போட முடியாது. பொய்ச் செய்திக்கு மூன்றாண்டு சிறை, ஒரு லட்சம் ரிங்கிட் அபராதம். இந்தப் பொய்ச் செய்திச் சட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. 2018-இல் வந்த அதே மாதிரிச் சட்டத்தை 2019-இல் ரத்து செய்தது இதே 14-ஆவது நாடாளுமன்றம், நீங்கள்தான். மேலவை ஒருமுறை தடுத்தும் விடாமல் இரண்டாம் முறை கொண்டுவந்து ரத்து செய்தீர்கள். நீங்கள் வாக்களித்துத் தூக்கியெறிந்ததை இந்த மார்ச் 12-ஆம் தேதி உங்களைக் கேட்காமலேயே வேறு வடிவத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். உங்களுக்குக் கோபம் வர வேண்டாமா?

எல்லாமே தவறு என்றும் சொல்ல மாட்டேன். தொழிலாளர் தங்குமிடங்களை ஒழுங்குபடுத்த பிப்ரவரியில் வந்த சட்டம் நல்ல சட்டம். எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் நல்ல சட்டத்தை ஏன் தற்காலிகச் சட்டமாகவே வைக்க வேண்டும்? அவைக்குக் கொண்டுவாருங்கள், நிரந்தரமாக்குங்கள். தேசிய அறநிதியில் கைவைக்க வழிசெய்த சட்டமும் அப்படித்தான். பெட்ரோல் வருமானத்திலிருந்து வருங்காலப் பிள்ளைகளுக்காக 1988-இல் தொடங்கிய நிதி அது. தடுப்பூசிக்கு 5 பில்லியன் ரிங்கிட் எடுக்கிறோம் என்றார்கள். தடுப்பூசிக்கு என்றால் எவரும் மறுத்திருக்க மாட்டார்கள். கேட்டிருக்கலாமே.

ஜூன் 15-ஆம் தேதி பிரதமர் அறிவித்த மீட்புத் திட்டத்தில் நாடாளுமன்றம் மூன்றாம் கட்டத்தில், செப்டம்பர் அக்டோபர் வாக்கில் கூடலாம் என்றிருந்தது. மறுநாளே மாமன்னர் கூடிய விரைவில் நாடாளுமன்றம் கூட வேண்டும் என்றார். ஆகஸ்ட் 1-க்குப் பிறகு அவசரகாலத்தை நீட்டிக்கத் தேவையில்லை என்று மலாய் ஆட்சியாளர்களும் சொன்னார்கள். இதற்கு மேலும் நீட்டிப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. தொற்று 11,000-ஐத் தாண்டிய இந்த வாரமே இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்ற பேச்சு என் காதிலேயே விழுகிறது. என் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரரே சொல்கிறார். பயத்தில் இருப்பவர்களிடம் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. நீட்டிக்காமல் விட்டாலும் இந்தச் சட்டங்கள் ஆகஸ்ட் 1-ஆம் தேதி தாமாகப் போய்விடாது. அரசியலமைப்பின் 150-ஆவது பிரிவு, ஏழாம் உட்பிரிவு: அவசரகாலம் முடிந்து ஆறு மாதம் வரை அவற்றுக்கு உயிர் உண்டு. அதாவது அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை 10,000 ரிங்கிட் கம்பவுண்டும் இருக்கும், பொய்ச் செய்தி வழக்கும் இருக்கும். அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவுதான் உங்கள் கையில் இருக்கும் கருவி. இரு அவைகளும் ரத்து செய்து தீர்மானம் போட்டால் அந்தக் கணமே அந்தச் சட்டங்கள் செல்லாது. மேலவை கூடுவது ஆகஸ்ட் 3-ஆம் தேதி. ஆகவே முதல் தீர்மானம் உங்களிடமிருந்துதான் கிளம்ப வேண்டும். நீதிமன்றம் போகலாமே என்றால், எட்டாம் உட்பிரிவு அந்தக் கதவையும் சாத்திவைத்திருக்கிறது. உங்களைத் தவிர எங்களுக்குப் போக்கிடம் இல்லை.

ஆறு மாதம்தானே, போகட்டும் என்று நினைப்பவர்களுக்கு என் பெரியம்மா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1969 மே கலவரத்துக்குப் பிறகு அவசரகாலம் அறிவித்தார்கள். நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில் திரும்பக் கூடியது. ஆனால் அந்த அவசரகாலப் பிரகடனத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அதன்கீழ் வந்த பொது ஒழுங்கு, குற்றத் தடுப்பு அவசரகாலச் சட்டமும் அப்படியே உயிரோடு இருந்தது. நாம் ஈ.ஓ. என்று சொன்னோமே, அது. போலீஸ் 60 நாள் வைத்திருக்கலாம், அப்புறம் அமைச்சர் கையெழுத்தில் இரண்டு ஆண்டு. நீதிமன்றம் கிடையாது, சாட்சி கிடையாது. தோட்டம் விட்டுப் பட்டணத்துக்கு வந்து, படிப்பும் நல்ல வேலையும் இல்லாமல் நின்ற எத்தனை தமிழ்ப் பிள்ளைகளை அது அள்ளிக்கொண்டு போனது என்று கிள்ளானில் எந்தத் தாமான் குடியிருப்பிலும் கேட்டுப் பாருங்கள்.

என் அண்ணனை 1990-களின் நடுவில் பிடித்தார்கள். ஏதோ கும்பலோடு சேர்ந்தவன் என்றார்கள். சேர்ந்தவனாகவே இருக்கட்டும், நீதிபதி முன்னால் நிறுத்தி நிரூபிக்க வேண்டாமா? ஜொகூரில் ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். பெரியம்மாவோடு நானும் பேருந்தில் போயிருக்கிறேன். அவருக்கு மலாய் படிக்கத் தெரியாது. தடுப்புக் காவல் ஆணையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியிலேயே வைத்திருப்பார். அதில் சட்டத்தின் பெயரோடு 1969 என்று இருந்தது, எண் மட்டும் அவருக்குப் புரியும். வாசலில் நின்ற காவலரிடம் தமிழிலேயே கேட்டார்: "அறுபத்தொன்பதில் இவன் பிறக்கவே இல்லையே ஐயா, இவன் எப்படிக் கலவரம் செய்வான்?" அந்த ஆளுக்கு அது புரியவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. இரண்டு ஆண்டு முடிந்து வெளியே விட்டவனை வீட்டுக்கும் அனுப்பவில்லை. தெரிந்தவர் ஒருவரும் இல்லாத வேறு மாவட்டத்தில் குடிவைத்து, போலீஸ் நிலையத்தில் வந்து கையெழுத்துப் போடு என்றார்கள். அவன் திரும்பி வந்தபோது பெரியம்மா இல்லை.

அந்தப் பிரகடனத்தை மக்களவை ரத்து செய்தது 2011 நவம்பரில். டிசம்பரில் மேலவை. அதற்குப் பிறகும் ஆறு மாதம் ஓடி, 2012 ஜூனில்தான் ஈ.ஓ. செத்தது. 42 ஆண்டுகளில் எந்த நாளிலும் அதைச் செய்திருக்க முடியும். தேவைப்பட்டது ஒரு தீர்மானம், ஒரு வாக்கெடுப்பு. உங்களுக்கு முன்பு அந்த இருக்கைகளில் உட்கார்ந்திருந்தவர்கள், நம் இனத்தவர்கள் உட்பட, செய்யவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. சும்மா விட்டார்கள், அவ்வளவுதான். பெருந்தொற்றுக்காக வந்த சட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கலவரத்தை அடக்க வந்த சட்டம் 25 ஆண்டு கழித்து என் அண்ணனைப் பிடித்தது.

1957-இல் எழுதிய அரசியலமைப்பில் இப்படி இருக்கவில்லை என்பதையும் நினைவுபடுத்துகிறேன். இரு அவைகளும் ஒப்புதல் தராவிட்டால் அவசரகாலப் பிரகடனம் இரண்டே மாதத்தில் தானாகக் காலாவதியாகிவிடும் என்றுதான் அன்று எழுதினார்கள். 1960-இல் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். யாரும் எதுவும் செய்யாவிட்டால் போய்விடும் என்றிருந்தது, யாரும் எதுவும் செய்யாவிட்டால் நீடிக்கும் என்றானது.

ஜூன் கடைசியில் எங்கள் பிளாட்டில், சாப்பாட்டுக்கு உதவி வேண்டும் என்று காட்டும் வெள்ளைக்கொடி ஏறத் தொடங்கியது. மூன்றாம் மாடியில் தலையணை உறை ஒன்று, அதற்கு மேல் ஒரு பள்ளிச் சட்டை. அரிசி, முட்டை, பால்மாவு என்று பக்கத்து வீடுகள்தான் கொண்டுபோய்க் கொடுத்தன. சீன அப்பெக் (பெரியவர்) ஒருவர் யாரையும் கேட்காமல் பத்துப் பை அரிசி இறக்கிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் உங்களில் ஒருவர், கொடி தூக்க வேண்டாம், இறைவனிடம் கையேந்துங்கள் என்றார். இறைவனிடம் நாங்கள் தினமும் கையேந்துகிறோம். உங்களிடம் கேட்பது வேறு. இந்த ஆண்டு முதல் ஐந்து மாதத்தில் 468 பேர் தற்கொலை செய்துகொண்டதாகக் காவல்துறை சொல்கிறது. அந்த ஐந்து மாதமும் இதைப் பற்றி அமைச்சரிடம் ஒரு கேள்வி கேட்கக்கூட உங்களுக்கு அவை இல்லை.

என் கோரிக்கைகள் இவை.

ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்குப் பிறகு அவசரகாலம் ஒரு நாள்கூட நீளாது என்று பிரதமர் ஜூலை 26-ஆம் தேதி அவையில் எழுந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கட்சி பார்க்காமல் நீங்கள் கேட்க வேண்டும்.

அவசரகாலச் சட்டங்கள் எல்லாவற்றையும் மொத்தமாக மேசையில் வைத்துவிட்டுப் போக விடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக விவாதித்து, குரல் வாக்கில் முடிக்காமல் எண்ணி வாக்கெடுங்கள். பொய்ச் செய்திச் சட்டத்தையும் 10,000, 50,000 ரிங்கிட் கம்பவுண்ட் சட்டத்தையும் ரத்து செய்யுங்கள். தொழிலாளர் தங்குமிடச் சட்டத்தை முறையான மசோதாவாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். அறநிதியிலிருந்து எடுத்த பணத்துக்கு வரவு செலவுக் கணக்கை அவையில் கேட்டு வாங்குங்கள்.

மார்ச் 11-க்குப் பிறகு சிறுவியாபாரிகளுக்கும் தினக்கூலிகளுக்கும் எழுதிய கம்பவுண்டுகளை மறுபரிசீலனை செய்ய ஒரு குழு அமையுங்கள். பழைய 1,000 ரிங்கிட் வரம்புக்கு மேல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிழைப்புக்காகவோ சாவு வீட்டுக்காகவோ வெளியே போனவர்களின் கம்பவுண்டை அடியோடு தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள்.

கெரிக், பத்து சாப்பி மக்களுக்கு இடைத்தேர்தல் எப்போது என்று தேதியோடு பதில் வாங்குங்கள். நோய் காரணமாகத் தள்ளிவைக்கத்தான் வேண்டும் என்றால், அதற்கென்று முடிவு நாள் குறித்த ஒரு சட்டத்தை அவையில் நிறைவேற்றுங்கள்.

150-ஆவது பிரிவைத் திருத்துங்கள். அவசரகாலம் அறிவித்தால் நாடாளுமன்றம் உடனே கூட வேண்டும், உங்கள் ஒப்புதல் இல்லாமல் இரண்டு மாதத்துக்கு மேல் அது நிற்கக் கூடாது. 1957-இல் இருந்ததைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஆகஸ்ட் 2-ஆம் தேதி கூட்டம் முடிந்ததும், எந்தச் சட்டத்துக்கு எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பதைப் பெயர், தொகுதியோடு வெளியிடுங்கள். மலாயில் மட்டும் இல்லாமல் தமிழிலும் சீனத்திலும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கிள்ளான் லிட்டில் இந்தியா பூக்கடைக்காரி ஒருத்தி